படமா, எழுத்தா?

(மதுரையில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் வாசகர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். விடுமுறை நாளை ஒதுக்கி வந்தவர்களிடம் கணினியின் பெருமையைப் பொதுவாகப் பேசி அனுப்புவது நியாயம் ஆகாது. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை வகுப்பறையில் பயன்படுகிற அளவுக்கு அதை விளக்க விரும்புகிறேன்.

உங்கள் செல்போனில் இன்று காலையிலிருந்து வந்து சேர்ந்த தமிழை ஒரு முறை பாருங்கள். அலுவலகத்துச் சுற்றறிக்கை இருக்கும். அது கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப். பக்கத்துத் தெருக் காதணி விழாவின் அழைப்பிதழ் இருக்கும். அது படம். ஒரு பிள்ளையின் அம்மா, 'டீச்சர், தம்பிக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டான்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். அது எழுத்து. நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே தமிழ். செல்போனுக்கு மூன்றாவது மட்டுமே தமிழ். முதல் இரண்டும் அதற்கு வண்ணப் புள்ளிகளின் கூட்டம். வைகைப் பாலத்தில் நின்று எடுத்த போட்டோவுக்கும் அந்தச் சுற்றறிக்கைக்கும் அதன் கணக்கில் வேறுபாடு கிடையாது.

சோதித்துப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் தேடும் இடத்தில் 'காய்ச்சல்' என்று அடித்தால் அந்த அம்மாவின் செய்தி முன்னால் வந்து நிற்கும். 'தேர்வு' என்று அடித்தால் சுற்றறிக்கையின் உள்ளே இருக்கும் வரி வராது. போன மாதம் வந்த கால அட்டவணையைத் தேடி விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போகிறோமே, அதன் காரணம் இதுதான்.

இந்த வேறுபாட்டைக் கணினிப் பாடத்தின் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடுகிறது. உள்ளே என்ன சேர்த்துவைக்கப்படுகிறது என்பது அப்படி மாறுவதில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மற்றதைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

உள்ளே என்னதான் இருக்கிறது? எண் இருக்கிறது. கணினிக்கு 'ம' என்றால் என்னவென்று தெரியாது, 2990 என்றால் தெரியும். 'மதுரை' என்று நீங்கள் டைப் அடிக்கும்போது அது ஐந்து எண்களை எழுதிவைக்கிறது. 2990, 2980, 3009, 2992, 3016. முதலாவது மகரம். இரண்டாவது தகரம். மூன்றாவது அந்தத் தகரத்தைத் 'து' ஆக்கும் உகரக் குறி. நான்காவது ரகரம். ஐந்தாவது இணைக்கொம்பு. நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து எண்.

கரும்பலகையில் இதை எழுதிக் காட்டினால் கவனமுள்ள பிள்ளை ஒன்று உடனே எழுந்து கேட்கும்: 'சார், இணைக்கொம்பு ரகரத்துக்கு முன்னாடிதானே வரும்? நீங்க பின்னாடி எழுதியிருக்கீங்க?' கேட்க வேண்டிய கேள்வி. காகிதத்தில் கொம்பை முன்னால் போடுகிறோம். ஆனால் சொல்லும்போது 'ர்' முதலில், 'ஐ' பின்னால். யூனிகோடு என்ற உலக ஏற்பாடு ஒலியின் வரிசையில் எண்களை வைக்கிறது. திரையில் காட்டும் நேரத்தில் கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது எழுத்துருவின் வேலை. ஃபான்ட் என்று டிடிபி கடையில் சொல்கிறோமே, அதுதான் எழுத்துரு. ஆக, எண் தனி, உருவம் தனி.

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல சான்று உண்டு. 1978-ல் தமிழக அரசு, பெரியார் கடைப்பிடித்து வந்த சீர்திருத்தத்தை ஒட்டி, சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன்பு படித்தவர்கள் 'லை', 'னை', 'ணை' ஆகியவற்றை முன்பக்கம் துதிக்கை போலச் சுழித்து எழுதக் கற்றவர்கள். இந்த அரங்கில் மூத்தவர்கள் சிலர் இன்னும் கடிதத்தில் அப்படித்தான் எழுதுவீர்கள். யூனிகோட்டில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் ஒரே எண்கள்தான். பழைய வடிவம் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தால் பழையபடி தெரியும். புதியதைத் தேர்ந்தால் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலத் தெரியும். தாத்தாவும் பேத்தியும் ஒரே கோப்பைத் தத்தம் வடிவத்தில் படிக்கலாம். படமாக எடுத்து வைத்த பக்கத்தில் இது நடக்காது.

இனி, உங்களில் பலரைத் தினமும் வதைக்கிற ஒரு சிக்கலுக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பு டைப் செய்த வினாத்தாளைத் திறக்கிறீர்கள். தமிழ் இல்லை. அரைகுறை ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. 'பாமினி போடுங்க டீச்சர், சரியாயிடும்' என்று யாரோ சொல்கிறார்கள். போட்டால் சரியாகிறது. ஏன்?

வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பு 'அ' பிரிவில் 17-ம் எண் ஒரு பிள்ளை. 'ஆ' பிரிவில் அதே 17-ம் எண் வேறொரு பிள்ளை. '17 வா' என்று மட்டும் சொல்லிவிட்டு எந்தப் பிரிவு என்று சொல்லாவிட்டால் யார் வருவார் என்று தெரியாது. பழைய தமிழ் எழுத்துருக்கள் இப்படி ஆளுக்கொரு பதிவேடு வைத்திருந்தன. பாமினியில் 'மதுரை' என்று அடித்தால் உள்ளே பதிவாவது 107, 74, 105, 117. உலகம் முழுக்க இந்த எண்கள் ஆங்கிலத்தின் சின்ன கே, பெரிய ஜே, சின்ன ஐ, சின்ன யு ஆகியவற்றுக்கு உரியவை. பாமினி அந்த இடங்களில் ம, து, இணைக்கொம்பு, ர ஆகியவற்றின் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறது. பாமினி இருக்கும் கணினியில் மதுரை தெரியும், இல்லாத கணினியில் அந்த நான்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். வானவில்லுக்கு வேறு பதிவேடு, மற்ற எழுத்துருக்களுக்கு மற்ற பதிவேடுகள். மாசி வீதிகளில் உள்ள டிடிபி கடைக்காரர்கள் இத்தனை எழுத்துருக்களையும் நினைவில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் பாடக் குறிப்பும் சங்க மலரும் அவர்களால்தான் அச்சேறின. ஆனால் அந்தக் கோப்புகளில் தமிழ் இல்லை, தமிழ் போலத் தோற்றம் தரும் ஆங்கில எண்கள் இருந்தன.

இந்த நிலையிலிருந்து தமிழ் எப்படி மீண்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதற்கு இந்த ஊரின் பெயர் இருக்கிறது என்பது மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மதுரைத் திட்டம் என்று பெயர். 1998-ம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது. நடத்தியவர்கள் மதுரையில் உட்கார்ந்திருக்கவில்லை. தலைமை ஏற்ற முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர். மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவரும் அவர்தான். துணைத் தலைவராக இருந்த குமார் மல்லிகார்சுனன் அமெரிக்காவில் இருந்தவர். சங்கம் வைத்துத் தமிழை ஆய்ந்த ஊர் என்பதால் மதுரையின் பெயரைச் சூட்டினார்கள். 1901-ல் பாண்டித்துரைத் தேவர் இங்கே மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். நூல்களைத் தேடிச் சேர்ப்பதும் பதிப்பிப்பதும் செந்தமிழ் என்ற இதழை நடத்துவதும் அந்தச் சங்கத்தின் பணிகள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அதே பணி மின்னஞ்சல் வழியாக நடந்தது.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். அரசுப் பணம் இல்லை, அலுவலகம் இல்லை, சம்பளம் இல்லை. ஒரு நாட்டில் இருக்கும் தமிழர் தம் அலமாரியில் உள்ள நூலை எடுத்து, வேலை முடிந்து வந்த இரவுகளில் வரி வரியாக டைப் அடிப்பார். வேறொரு நாட்டில் இருப்பவர் அச்சு நூலை வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்ப்பார். பிறகு கோப்பு இணையத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். முதலில் வந்தது திருக்குறள். அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் ஆங்கிலத்துக்குச் செய்த பணியைத் தமிழுக்குச் செய்தவர்கள் இவர்கள். இன்று சங்க நூல், பக்தி நூல், சிற்றிலக்கியம், இருபதாம் நூற்றாண்டு உரைநடை என்று பல நூறு நூல்கள் அங்கே இருக்கின்றன.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. தொடங்கியபோது அவர்களும் மயிலை, இணைமதி போன்ற எழுத்துருக்களில்தான் அடித்தார்கள். நான் சற்றுமுன் சொன்ன தனித்தனிப் பதிவேடுகளில் அவையும் அடக்கம். 1999-ல் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்துக்கு மாறினார்கள். அதை உருவாக்கியவர்களும் பல நாட்டுத் தமிழர்கள்தான், மின்னஞ்சலில் வாதிட்டு வாதிட்டு உருவாக்கினார்கள். அதே 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு இரண்டை ஏற்றது. 1991-ல் வெளிவந்த யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தாலும், கணினிகள் அதைச் சரியாகக் காட்டக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. கற்றுக்கொண்ட பிறகு, 2000-களின் முற்பகுதியில், மதுரைத் திட்டத்தாரும் யூனிகோட்டுக்கு வந்தார்கள்.

இரண்டு முறை வீடு மாறினார்கள். ஒரு முறைகூடத் திருக்குறளைத் திரும்ப டைப் அடிக்கவில்லை. மகரத்துக்குப் பழைய எண் இது, புதிய எண் இது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால் போதும். அத்தனை நூல்களையும் ஒரு சிறு நிரல் மாற்றிக் கொடுத்துவிடும். அவர்கள் வைத்திருந்தது எழுத்து என்பதால் இது நடந்தது. பக்கங்களைப் படம் பிடித்து வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் மனிதர் ஒருவர் உட்கார்ந்து முதல் குறளிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் பழைய பாமினி வினாத்தாள்களுக்கும் இதே வழி உண்டு. பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் இலவசச் செயலிகள் இணையத்தில் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒரு கோப்பு என்று மாற்றி வையுங்கள். எழுத்துருவைத் தேடி அலையும் வேலை அதோடு முடிந்தது.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரசு அறிவிப்புகளிலும் செய்தித்தாள்களின் இணையப் பக்கங்களிலும் இந்தப் பிழை பரவிக் கிடக்கிறது. ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கின்றன. ஆனால் ரகரத்தின் எண் 2992, துணைக்காலின் எண் 3006. பழைய எழுத்துரு சிலவற்றில் 'ர்', 'ரி' எழுதத் துணைக்காலின் மேல் புள்ளியோ கொக்கியோ போட்டுச் சமாளித்தார்கள். அச்சில் வேறுபாடு தெரியாது. அந்தக் கோப்பை அப்படியே மாற்றினால் 'ஆசிரியர்' என்பது 'ஆசிாியா்' என்று ஆகிவிடுகிறது. இந்த இரண்டு சொற்களையும் உற்றுப் பாருங்கள். சில எழுத்துருக்களில் கண்டுபிடிக்கவே முடியாது. கணினிக்கு இரண்டும் முற்றிலும் வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. பணியிட மாறுதல் அறிவிப்பில் ஆசிரியர் என்ற சொல்லைத் தேடி, இல்லை என்று மூடிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். இதே கதைதான் 'ஔ'வுக்கும். ஔவையார் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் சேர்த்து ஒளவையார் என்று அடிக்கிறார்கள். எண்களின்படி அது ஒ, ள, வை, யா, ர். உயிரெழுத்து பன்னிரண்டு என்று கற்றுக்கொடுக்கிற நாம் ஒன்றைக் கோப்பில் தொலைத்துவிடலாமா? தமிழாசிரியர்கள் இந்தப் பிழையை ஒற்றுப் பிழைக்குச் சமமாகக் கருதித் திருத்த வேண்டும்.

பெயர்களை அகர வரிசையில் அடுக்கும்போதும் எண்ணின் குணம் வெளிப்படும். யூனிகோட்டின் தமிழ்ப் பகுதி, இந்திய அரசு 1988-ல் எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வெறும் எண் வரிசையில் அடுக்குகிற எளிய செயலியில் கனகா முதலில் வருவாள், கபிலன் பின்னால் வருவான். நம் நெடுங்கணக்கில் பகரம் முன்னே, னகரம் கடைசி. தமிழ் வரிசை தெரிந்த செயலிகள் இதைச் சரியாகவே செய்கின்றன. பட்டியல் தலைகீழாக வந்தால் கணினியைக் குறை சொல்லாமல், அமைப்பில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்திருக்கிறோமா என்று பார்க்கவும். பிள்ளைகளிடம் இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். நெடுங்கணக்கை ஏன் மனப்பாடம் செய்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு நேரில் காட்டும் பதில் அது.

படமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்தில், 2001-ல், இந்தியாவே திரும்பிப் பார்த்த ஒரு முயற்சி நடந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி நுட்பத்தைக் கொண்டு கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அமெரிக்காவின் எம்ஐடியும் ஹார்வர்டும் அந்த ஆய்வில் பங்கெடுத்தன. அந்த மையங்களிலிருந்து நோயாளியின் கண்ணைப் படம் எடுத்து, டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நோய் பிடித்த பயிரைப் படம் எடுத்து வேளாண் கல்லூரிக்கு அனுப்பி, மருந்து என்னவென்று கேட்டார்கள். பேருந்து ஏறி ஒரு நாள் கூலியை இழக்காமல் ஊரிலேயே பதில் கிடைத்தது. கண்ணையும் இலையையும் காட்ட வேண்டிய இடத்தில் படம்தான் சரி. நிபுணர் பார்க்க வேண்டியது அந்த நிறத்தையும் புள்ளியையும். அந்த மையங்களில் பல, தொடர்ந்த வருமானமும் பராமரிப்பும் இல்லாமல் சில ஆண்டுகளில் மூடப்பட்டது வருத்தத்துக்குரியது. ஆனாலும் ஊர்தோறும் செல்போன் பரவுவதற்கு முன்பே இந்த வட்டாரக் கிராமத்து மக்கள் இணையத்தை என்னவாகப் பயன்படுத்த விரும்பினார்கள் என்பதை அது பதிவு செய்துவிட்டது. மருத்துவம், விவசாயம், சான்றிதழ்.

எழுத்தாக இருக்க வேண்டியதைப் படமாக்கும்போதுதான் கேடு. யாருக்குக் கேடு என்று கேட்டால், முதலில் பார்வையற்றவர்களுக்கு. நம் ஊரில் சுந்தரராஜன்பட்டியில், எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள், பார்வையற்ற ஆசிரியர்கள் நம்மோடு வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கணினியிலும் செல்போனிலும் திரைபடிப்பான் என்ற செயலியை வைத்துக்கொள்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக வாசித்துக் காட்டும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-ல் தொடங்கிய என்விடிஏ அப்படிப்பட்டது. விலை கிடையாது, தமிழும் வாசிக்கும். யூனிகோட்டில் வந்த செய்தியை அது வாசித்துவிடும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் பொருளற்ற ஆங்கில ஒலிகளை உளறும். 'ஆசிாியா்' என்ற பிழையான வடிவத்தில் தடுமாறும். ஸ்கேன் செய்த சுற்றறிக்கையைக் கொடுத்தால் படம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். கடைசித் தேதி என்ன, யார் விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்துகொள்ள அந்த ஆசிரியர் பக்கத்தில் இருப்பவரைக் கெஞ்ச வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றால் ஸ்கேன் அனுப்புங்கள், கூடவே அதே வாசகத்தை எழுத்தாகவும் ஒட்டி அனுப்புங்கள். டைப் அடித்தவரிடம் மூலக் கோப்பு இருக்கத்தான் செய்கிறது. தலைமை ஆசிரியர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது. ஒரு நிமிட வேலை, ஒருவருடைய தன்மானம்.

அடுத்து, டைப் அடிக்கும் முறை. பிள்ளைகள் செல்போனில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். அவசரத்துக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் லகரத்துக்கும் எந்த ஆங்கில எழுத்து என்று யோசித்து, செயலி நீட்டும் முதல் சொல்லை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எழுத்துப் பிழையில் கொண்டுபோய் விடுகிறது. 1999-ல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை வேறு வகை. இடக் கைக்கு உயிர், வலக் கைக்குப் பெரும்பாலான மெய். ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்தில் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகும். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி'. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று இலக்கணத்தில் எழுதிப்போடுகிறோமே, அதை விரல் செய்து பார்க்கிறது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005-ல் செல்லினம் என்ற செயலி வழியாகச் செல்போனில் தமிழைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இன்றுவரை, தமிழ் விசைப்பலகை கிடைக்கவில்லை என்று சொல்ல இடமில்லாத நிலை மெல்ல வந்துவிட்டது. இன்றைய செல்போன்களில் அமைப்புக்குள் போய்த் தேர்ந்தால் போதும். 2011-ல் தொடங்கி அரசு மடிக்கணினிகளைப் பெற்ற மாணவர்களில் எத்தனை பேர் அதில் தமிழ்99 பழகினார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கியிருந்தால் போதும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காத கூட்டமே இல்லை. பாதி பயம், பாதி வியப்பு. இன்றைய தலைப்போடு அது தொடும் இடத்தை மட்டும் சொல்கிறேன். மொழிபெயர்க்கும், கேள்விக்குப் பதில் எழுதும் இந்தச் செயலிகள் ஏற்கெனவே எழுத்தாகச் சேர்ந்து கிடக்கும் பெரும் தொகுதிகளிலிருந்து ஒரு மொழியைக் கற்கின்றன. ஆங்கிலத்தில் அந்தத் தொகுதி மலையளவு. தமிழில் அதைவிட மிகக் குறைவு. நம்மிடம் நூல் இல்லாததால் வந்த குறை இல்லை இது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டு அச்சு நம்மிடம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி இன்னும் காகிதத்தில் இருக்கிறது, அல்லது படமாக இருக்கிறது. இந்த வட்டாரத்தின் பேச்சு, பயிர்ப் பெயர்கள், கண்மாய்ப் பெயர்கள், சாமி பெயர்கள், ஜல்லிக்கட்டு மாட்டின் நிறத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள், எல்லாம் எழுத்தாக ஏறாதவரை அந்தச் செயலிகளுக்கு மதுரை என்பது கோயில் கோபுரம் ஒன்றோடு முடிந்துவிடும். அப்புறம் அவை தவறாகச் சொல்கின்றன என்று கோபித்துப் பயன் இல்லை. அவை சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஏன் தவறுகிறது என்ற இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வழி இப்போது கைக்கு எட்டிவிட்டது. கூகுள் லென்ஸில் ஒரு பக்கத்தைக் காட்டினால் தமிழ் எழுத்தை அடையாளம் கண்டு தருகிறது. டெசராக்ட் என்ற இலவசச் செயலியும் தமிழ் படிக்கும். நல்ல அச்சாக இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். 1978-க்கு முந்திய வடிவங்கள், மங்கிய காகிதம், ரகரமா துணைக்காலா என்ற குழப்பம் ஆகிய இடங்களில் தவறும். அது ஊகிக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊகத்தைத் திருத்த தமிழ் தெரிந்த மனிதக் கண் வேண்டும். அந்தக் கண் உங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு இருக்கிறது.

ஆகவே ஒரு வேலைத் திட்டத்தோடு முடிக்கிறேன். உங்கள் பள்ளி பீரோவில் பழைய ஆண்டு மலர் இருக்கும். ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்தியதாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஊரின் பஞ்சம், வெள்ளம், விளையாட்டு விழா, யாரோ ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதிய பயணக் கட்டுரை எல்லாம் இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். படம் எடுக்கச் சொல்லுங்கள், செயலி தரும் எழுத்தை வாங்கிக்கொண்டு அச்சோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். பள்ளியின் தொகுப்புக்கு அது போதும்.

இணையத்தில் ஏற்ற விரும்பினால் காப்புரிமையைப் பார்க்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூலை யாரும் வெளியிடலாம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு அந்தக் காத்திருப்பும் தேவை இல்லை. அப்படிப்பட்ட நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் பக்கம் பக்கமாக மெய்ப்புக்குக் காத்திருக்கின்றன. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். ஒரு பிள்ளை திருத்திச் சேமித்ததும் அந்தப் பக்கம் மஞ்சள் நிறமாகும். இரண்டாவது ஆள் சரிபார்த்த பிறகுதான் பச்சையாகும். திருத்தியவரே சரிபார்த்தவராகவும் இருக்க அங்கே வழி இல்லை. எனவே வகுப்பில் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒரு பாடவேளையில் ஓர் இணை ஒரு பக்கத்தை முடித்துவிடும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பாமினிக் கோப்பு கொண்டு வந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், இப்போதே மாற்றிப் பார்த்துவிடலாம்.